வீட்டில் நெபுலைசர், சிபாப், ஆக்சிஜன்: தொற்றுக் காலத்தில் கடலூர், புதுச்சேரி வீடுகளில் எழும் கேள்விகள்

இளைப்பு, சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் என்று ஏதோ ஒன்றுக்காக வீட்டில் மூச்சுக் கருவி வைத்திருந்தவர்களுக்கு 2020-ல் கொரோனா வந்தபோது இரண்டு பக்கமும் பயம். கருவியைப் போட்டால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்றிவிடுமோ, போடாவிட்டால் மூச்சு முட்டிவிடுமோ. அந்த அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ல் அறிவித்துவிட்டது. ஆனால் கொரோனா நம்மை விட்டுப் போகவில்லை. ஃப்ளூவும் வருஷா வருஷம் வருகிறது. நாளைக்கு இன்னொரு வைரஸ் வரலாம்.

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வீடுகளுக்குப் போய் இந்தக் கருவிகளைப் பொருத்திக் கற்றுக்கொடுப்பது என் வேலை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவு, ஆக்சிஜன் எத்தனை லிட்டர், சிபாப் (தூக்கத்தில் மூச்சுப்பாதை மூடாதபடி காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) அழுத்தம் எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. கருவியை எப்படிக் கையாளுவது என்பது மட்டும்தான் இங்கே இருக்கிறது.

எனக்குத் தொற்று உறுதியாகிவிட்டது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கருவியை நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். தொற்றுக் காலத்தில் நான் பார்த்த பெரிய ஆபத்து இதுதான். பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று பெரியவர்கள் சத்தமில்லாமல், மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசரை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். இரண்டு நாளில் இளைப்பு முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். அங்கே போனால் இன்னும் பத்துப் பேரோடு ஒரே வார்டில் இருக்க வேண்டும்.

தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் இதேதான். 'ஸ்டீராய்டு எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும்' என்று கேள்விப்பட்டு அதை விட்டவர்கள் நிறையப் பேர். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டுதல் குழுவான ஜினா, கொரோனா காலம் முழுக்க இன்ஹேலர் ஸ்டீராய்டை நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்லி வந்தது. கருவியும் மருந்தும் அப்படியே இருக்கட்டும். மாற்ற வேண்டியது நீங்கள் இருக்கும் அறையையும், அறையில் காற்று போகும் வழியையும்.

நெபுலைசர் வைத்தால் கிருமி பரவும் என்பது உண்மையா?

நெபுலைசரின் கிண்ணத்திலிருந்து வருவது மருந்துப் புகை. கிண்ணம் சுத்தமாக இருந்தால் அந்தப் புகையில் வைரஸ் கிடையாது. ஆனால் நோயாளி அந்த மாஸ்க்குக்குள்ளேதான் மூச்சு விடுகிறார், இருமுகிறார். ஓரங்களிலும் ஓட்டைகளிலும் வெளியேறும் காற்றில் அவர் மூச்சும் சேர்ந்துதான் வருகிறது.

இதில் நாட்டுக்கு நாடு கருத்து வேறுபட்டது. நெபுலைசரைத் தொற்றுத் துகள் உண்டாக்கும் சிகிச்சைகளின் பட்டியலில் பிரிட்டன் சேர்க்கவில்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, உறுதியாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. வீட்டில் இருக்கும் நமக்கு அந்த வாதம் முடியும் வரை காத்திருக்க நேரமில்லை. புகை உள்ளே போனதும் பலருக்கும் இருமல் வருகிறது. இருமினால் பரவும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால் தொற்று இருக்கும்போதோ, இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலோ நெபுலைசரைத் தனி அறையில், கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தானே பிடித்துக்கொள்ள முடிந்தவரைத் தனியே விடுங்கள். குழந்தை, படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால் ஒருவர் மட்டும் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, முகத்துக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில் உட்காரட்டும்.

நெபுலைசருக்குப் பதிலாக இன்ஹேலர் போதுமா?

பலருக்குப் போதும். டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். இன்ஹேலரை ஸ்பேசரில் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வரும் பிளாஸ்டிக் குடுவை) பொருத்தி எடுத்தால், சாதாரண இளைப்பில் நெபுலைசருக்கு இணையாகவே வேலை செய்கிறது. 'புகை வந்தால்தான் மருந்து, இந்தக் குட்டி டப்பாவில் என்ன இருக்கப் போகிறது' என்ற நினைப்பு நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. ஸ்பேசரில் எடுக்கும்போது அறையில் புகை பரவாது, நேரமும் குறைவு, கரண்டும் வேண்டாம்.

ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முன்னால் இன்ஹேலரைக் குலுக்குங்கள். ஒரு அழுத்தம், நிதானமாக உள்ளே இழுப்பது, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிப்பது, அப்புறம்தான் அடுத்தது. இரண்டு மூன்று முறை சேர்த்து அழுத்திவிட்டு ஒரே மூச்சில் இழுத்தால் மருந்து ஸ்பேசரின் சுவரிலேயே தங்கிவிடும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காயவிடுங்கள். உள்ளே துணி விட்டுத் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம்தான். தனி அறைக்கு எங்கே போவது?

முதுநகரிலும் முத்தியால்பேட்டையிலும் இப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம். நோயாளிக்கு ரூமைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஹாலில் இருங்கள். மாடி இருந்தால், மழை இல்லாத நேரத்தில் நெபுலைசரை மொட்டை மாடியிலோ திறந்த வராந்தாவிலோ வைப்பது எல்லாவற்றையும்விட நல்லது. பக்கத்து வீட்டு ஜன்னல் பார்த்த மாதிரி மட்டும் வேண்டாம்.

ரூமுக்குள்ளேதான் வைக்க வேண்டும் என்றால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கவனியுங்கள். நம் கரையில் கோடையில் காலை நேரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். வெயில் ஏறியதும் கடல் காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். காலையில் ரூமிலிருந்து வெளியே போன காற்று, மத்தியானத்துக்கு மேல் அதே ஜன்னல் வழியாக ரூமுக்குள் நுழைந்து ஹாலுக்குத் திரும்பலாம். கதவு இடுக்கில் ஒரு மெல்லிய நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் ரூமுக்குள் சாய்ந்தால் சரி. ஹால் பக்கம் சாய்ந்தால், டேபிள் ஃபேனை ரூம் ஜன்னலில் வெளியே பார்த்த மாதிரி வைத்து ஓடவிடுங்கள், கதவின் அடி இடுக்கில் ஒரு பழைய துணியைச் சுருட்டி வையுங்கள். எக்சாஸ்ட் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது.

நெபுலைசர் முடிந்த உடனே யாரும் உள்ளே போக வேண்டாம். எவ்வளவு நேரம் என்பதற்கு ஆஸ்பத்திரிகளுக்கான சிடிசி கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று 12 முறை மாறினால், காற்றில் மிதக்கும் துகளில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். 4 முறை மாறினால் 69 நிமிடம். 2 முறைதான் மாறுகிறது என்றால் 138 நிமிடம். ஜன்னலைத் திறந்து ஃபேனை வெளிப்பக்கம் ஓடவிட்ட அறைக்கும், சாத்திய அறைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். வீட்டில் அளந்து பார்க்க முடியாது. ஜன்னல் திறந்த அறை என்றால் ஒரு மணி நேரமாவது விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வேன்.

ஏசி போடலாமா?

நெபுலைசர், சிபாப் ஓடும்போது வேண்டாம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. வெக்கை தாங்காது என்றால் சிகிச்சை முடிந்து, அறையைக் காற்றோட விட்டு, அப்புறம் போடுங்கள்.

ராத்திரி சிபாப் போட்டுத்தான் தூங்குகிறேன். தொற்று வந்தால் என்ன செய்வது?

சிபாப் மாஸ்க்கின் முன்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். நீங்கள் விடும் மூச்சு அதன் வழியாகத்தான், நல்ல வேகத்தோடு, இரவு முழுக்க வெளியே வந்துகொண்டிருக்கும். அதனால் தொற்று இருக்கும் நாட்களில் தனியாகப் படுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். கிருமி வெளியே வரக் கூடாது என்று அந்த ஓட்டைகளில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருபோதும் செய்யாதீர்கள். நீங்கள் விடும் கரியமில வாயு வெளியேற அது ஒன்றுதான் வழி. அடைத்தால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள், தூக்கத்தில் அது உங்களுக்குத் தெரியாது.

மாஸ்க்கை முகத்தில் பொருத்திய பிறகு மெஷினை ஆன் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் மெஷினை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஈரமும் எச்சிலும் அறை முழுக்கத் தெறிக்கும். ராத்திரியில் பாத்ரூமுக்கு எழுந்து போகும்போதுதான் பெரும்பாலும் இந்தத் தவறு நடக்கிறது.

தனியே படுக்க வழியே இல்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் லேசாக இருந்தால் சில நாள் நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லலாம். ஆனால் பைபாப் (மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் வேறு வேறு அழுத்தம் தரும் மெஷின்) போடுபவர்கள், ரத்தத்தில் கரியமில வாயு ஏறும் நோய் உள்ளவர்கள் ஒரு ராத்திரிகூடத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

வைரஸ் ஃபில்டர் என்று விற்கிறார்களே, வாங்கி மாட்டினால் போதாதா?

எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெஷினிலிருந்து குழாய் கிளம்பும் இடத்தில் மாட்டினால் மெஷின் அசுத்தமாகாமல் இருக்கும். வேறொருவருக்குக் கைமாறும் மெஷினுக்கு அது நல்லது. ஆனால் உங்கள் மூச்சு மாஸ்க்கின் ஓட்டை வழியாக வெளியேறுவதை அந்த ஃபில்டர் தடுக்காது. அதைத் தடுக்க ஓட்டை இல்லாத மாஸ்க், ஃபில்டர், தனியாக ஒரு வெளியேற்று வாய் எல்லாம் சரியான வரிசையில் இருக்க வேண்டும். பயிற்சி உள்ளவர்தான் அதைப் பொருத்த வேண்டும். இன்னொன்று, காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரின் ஈரம் பட்டு ஃபில்டர் நனைந்தால் காற்று போவது குறையும். மூச்சு இழுக்கக் கஷ்டமாக இருந்தால் முதலில் ஃபில்டரைப் பாருங்கள்.

ஹ்யூமிடிஃபையரில் என்ன தண்ணீர் ஊற்றுவது? ஆர்ஓ தண்ணீர் போதுமா?

சிபாப்பின் தண்ணீர்த் தொட்டியிலும் ஆக்சிஜன் கருவியின் பாட்டிலிலும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று கேட்டால் பல இடங்களில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் கேனை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பேட்டரித் தண்ணீரை உடம்புக்குள் போகும் தரத்தில் தயாரிப்பதில்லை. கேனின் லேபிளில் பேட்டரி என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு மருந்துக்கடையில் கேளுங்கள். கிடைக்காத நாளில் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்து ஊற்றலாம்.

ஆர்ஓ தண்ணீரில் உப்பு குறைவு என்பது சரிதான். ஆனால் அது கிருமி நீக்கிய தண்ணீர் கிடையாது. மெஷினில் வரும்போது சுத்தமாக இருந்தாலும் குடத்திலும் கேனிலும் நின்றுவிடுகிறது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடலோரத்தில் பல தெருக்களில் அது உப்புக் கரிக்கிறது, சில நாளிலேயே தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை நோயைத் தமிழ்நாடு அரசு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது நினைவிருக்கும். கட்டுப்படாத சர்க்கரையும் அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும்தான் அதற்குப் பெரிய காரணங்கள். பாட்டில் தண்ணீர்தான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அதற்காக நேற்றைய தண்ணீரை இன்று மூக்குக்குள் அனுப்ப வேண்டியதில்லை. தினமும் மிச்சத்தைக் கொட்டி, கழுவிக் காயவைத்து, புதிதாக ஊற்றுங்கள். இருக்கிற தண்ணீரின் மேலேயே ஊற்றி நிரப்பாதீர்கள்.

நெபுலைசர் மருந்தைக் கலக்க எந்தத் தண்ணீரும் கூடாது. டாக்டர் எழுதிய ஸ்டெரைல் நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) மட்டும்தான்.

எப்படிச் சுத்தம் செய்வது? டெட்டால், சானிடைசர் போடலாமா?

நெபுலைசர் கிண்ணத்தையும் வாய்க்குழாயையும் ஒவ்வொரு முறையும் காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசி, உதறி, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவிடுங்கள். ராத்திரி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கருவியோடு வரும் கையேட்டில் கொதிக்க வைக்கலாம் என்று இருந்தால் 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். நெபுலைசர் மெஷினிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் கழுவக் கூடாது. உள்ளே தண்ணீர் தங்கினால் காயாது. பூசணம் பிடித்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் எதுவுமே சீக்கிரம் காயாது, அதனால் மழைக்காலத்தில் இரண்டு கிண்ணம் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

சிபாப் மாஸ்க்கைத் தினமும் மிதமான சோப்பிலும், குழாயை வாரம் ஒருமுறையும் கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். தொற்று நாட்களில் குழாயையும் அடிக்கடி கழுவலாம். டெட்டால், பிளீச்சிங் பவுடர், சானிடைசர் எதுவும் மாஸ்க்கின் சிலிக்கானில் படக் கூடாது. சிலிக்கானில் விரிசல் விழும், வாடையும் நேரே நுரையீரலுக்குப் போகும். மெஷினின் வெளிப்பக்கத்தை மட்டும், கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஈரத் துணியால் துடையுங்கள்.

ஓசோன், புற ஊதாக் கதிர் வைத்துச் சுத்தம் செய்யும் பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. சிபாப்புக்கான அப்படிப்பட்ட எந்தப் பெட்டிக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. காசைச் சோப்புக்குச் செலவழியுங்கள்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை இரவல் வாங்கி வந்திருக்கிறோம். எத்தனை லிட்டர் வைப்பது?

டாக்டர் சொன்ன லிட்டர். அவர் சொல்லும் முன் சுவிட்சைத் தொட வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பொதுவாகக் கருவி தேவைப்படாது. நாள்பட்ட சிஓபிடி உள்ளவருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்றுதான் பெரும்பாலும் டாக்டர்கள் குறி வைப்பார்கள். பாசத்தில் லிட்டரை ஏற்றி 98-க்குக் கொண்டுபோனால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். அப்பா அசந்து தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் நினைவு தப்பிக்கொண்டிருக்கும்.

இந்தக் கருவி அறையின் காற்றை இழுத்து, அதிலிருக்கும் நைட்ரஜனை ஜியோலைட் என்ற பொருளில் பிடித்து வைத்துவிட்டு, சுமார் 90 முதல் 96 சதவீத ஆக்சிஜனைக் கொடுக்கிறது. அதனால் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், திரைச்சீலை மேலே விழ வேண்டாம். வெளிப்புற ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். மாதக் கணக்கில் மூலையில் கிடந்த கருவி என்றால் ஜியோலைட் ஈரம் குடித்துச் சுத்தம் குறைந்திருக்கலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, போட்டும் அளவு ஏறாவிட்டாலோ அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ஒரு கருவியில் இரண்டு பேருக்குக் குழாய் பிரிப்பதும் வேண்டாம். மூக்குக் குழாய் எப்போதும் புதிதாக, ஆளுக்கு ஒன்று.

மூக்குக் குழாயில் மெதுவாகப் போகும் ஆக்சிஜனால் பரவும் ஆபத்து குறைவு. யாராவது உள்ளே வரும்போது நோயாளி குழாயின் மேலேயே சாதாரண முகக்கவசம் போட்டுக்கொள்ளலாம்.

ஆக்சிமீட்டர் காட்டுவதை அப்படியே நம்பலாமா?

கை சில்லென்று இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும், மருதாணிக் கறை அடர்த்தியாக இருந்தாலும் தவறாகக் காட்டலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில், எண் நிலையாக நிற்கும் வரை பாருங்கள். கறுத்த தோலில் உண்மையான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நம்மில் பலருக்கும் இது பொருந்தும். அதனால் எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளை நம்புங்கள்.

சாமி ரூம் பக்கத்தில்தான் அப்பா படுத்திருக்கிறார். விளக்கு ஏற்றலாமா?

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை மிக வேகமாக எரிய வைக்கும். போர்வையும் தாடியும் தலைமுடியும் அதை உறிஞ்சி வைத்திருக்கும். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பீடி, சிகரெட் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவியை நிறுத்திய உடனேயும் பற்ற வைக்காதீர்கள்.

மூக்கு வறண்டால் தேங்காய் எண்ணெய், தைலம், வாசலின் தடவாதீர்கள். ஆக்சிஜனோடு எண்ணெய் சேரக் கூடாது. மருந்துக்கடையில் சலைன் சொட்டு மருந்து அல்லது தண்ணீர் சார்ந்த ஜெல் கேளுங்கள். எண்ணெய்க் கையோடு சிலிண்டரின் வால்வைத் திருகுவதும் ஆபத்து.

புயல் வந்து கரண்ட் போனால் என்ன செய்வது?

வேறு ஊர்களில் இது கடைசியில் வரும் கேள்வியாக இருக்கலாம். இங்கே அப்படி இல்லை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த பிறகு கடலூர் மாவட்டத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. நிவர் 2020 நவம்பர் 25 ராத்திரி, கொரோனாவுக்கு நடுவிலேயே, புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. காற்று பலமானால் முன்னெச்சரிக்கையாகவே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் அக்டோபர் பிறப்பதற்குள் கணக்குப் போட்டு வையுங்கள்.

5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 150 ஆம்பியர் பேட்டரி, புதிதாக இருந்தால், அதை மட்டும் ஓட்டினால் மூன்று மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். ஃபேனும் டிவியும் ஓடினால் அதுவும் கிடையாது. பழைய பேட்டரியை நம்பவே முடியாது. வெயில் நாளில் ஒருமுறை மெயினை அணைத்து எத்தனை நேரம் ஓடுகிறது என்று பார்த்துவிடுங்கள், அப்போது சிலிண்டர் பக்கத்தில் இருக்கட்டும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். சிபாப்புக்கு இவ்வளவு வேண்டாம், ஹ்யூமிடிஃபையரை அணைத்துவிட்டால் அதே பேட்டரியில் இரவு முழுக்க ஓடும்.

கான்சன்ட்ரேட்டரை நம்பி இருப்பவர் வீட்டில் ஒரு 'பி' டைப் சிலிண்டர் இருந்தே ஆக வேண்டும். கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள் இருக்கும். நிரம்பியது சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல், 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம். ரெகுலேட்டரும் ஸ்பேனரும் சிலிண்டரோடேயே கட்டி இருக்கட்டும். இருட்டில் ஸ்பேனரைத் தேடிக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. சிலிண்டரைச் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு நிமிர்த்திக் கட்டுங்கள், வெள்ளம் நுழைந்தால் உருளும். ஜெனரேட்டர் இருந்தால் அது வீட்டுக்கு வெளியேதான், ஜன்னலிலிருந்து தள்ளித்தான் ஓட வேண்டும். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாடை தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும்.

நாள் முழுக்க ஆக்சிஜன் தேவைப்படுபவர் தேவனாம்பட்டினம் மாதிரி கடலை ஒட்டிய இடத்திலோ, தென்பெண்ணை, கெடிலம் கரையிலோ இருந்தால், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றே கடலையும் ஆற்றையும் விட்டுத் தள்ளி இருக்கும் உறவினர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள். தண்ணீர் சூழ்ந்த பிறகு ஆம்புலன்ஸ் வருவது உறுதியில்லை. உங்கள் பகுதி ஈ.பி. அலுவலகத்திலும், புதுச்சேரி என்றால் மின்துறை அலுவலகத்திலும், வீட்டில் இப்படி ஒரு நோயாளி இருக்கிறார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வையுங்கள்.

ஆவி பிடித்தால் வைரஸ் செத்துவிடுமா?

சாகாது. மூக்கடைப்புக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். இளைப்பு உள்ள சிலருக்கு ஆவி பட்டாலே இருமல் கூடுகிறது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளும் உண்டு. 2021-ல் பொது இடங்களில் பலரையும் வரிசையாக ஆவி பிடிக்க வைத்ததில் தொற்றுதான் பரவும். எந்தக் காரணத்துக்காகவும் நெபுலைசரில் தைலம், கஷாயம், பெராக்சைடு ஊற்றாதீர்கள்.

எப்போது வீட்டில் வைத்தது போதும் என்று ஆஸ்பத்திரிக்குப் போவது?

ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனால் (சிஓபிடி உள்ளவருக்கு வழக்கமான அளவிலிருந்து இறங்கினால்), நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, கோரிமேடு ஜிப்மர், அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி இவற்றில் எது உங்களுக்கு அருகில் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்று இருக்கிறது, வீட்டில் சிபாப் போடுகிறார் என்பதை ஆம்புலன்ஸிலேயே சொல்லிவிடுங்கள். சிபாப், பைபாப் மாஸ்க்கையும் அழுத்த அளவு எழுதிய சீட்டையும் எடுத்துப் போங்கள். வார்டில் உங்கள் மெஷினைப் போட அனுமதிப்பார்களா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், கேட்காமல் ஓட்டாதீர்கள்.

இரவல் வாங்கிய கருவியை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

மூக்குக் குழாய், மாஸ்க், நெபுலைசர் கிண்ணம், சிபாப் குழாய் எதையும் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது. யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி வெட்டி, பையில் கட்டி 72 மணி நேரம் வைத்திருந்து, பிறகு குப்பையில் போடலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வீட்டு முகக்கவசங்களுக்குச் சொன்ன முறை இது. பிளாஸ்டிக்கில் கொரோனா வைரஸ் மூன்று நாள் வரை இருந்ததாக அதே ஆண்டு வந்த ஆய்வு சொன்னது. மெஷினின் ஃபில்டரைப் புதிதாக மாற்றி, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, வெளிப்பக்கம் துடைத்து, மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டுக் கொடுங்கள். யாருக்கு, எந்தத் தேதி வரை ஓடியது என்று ஒரு சீட்டில் எழுதி மெஷினின் முதுகில் ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.